திங்கட்கிழமை உடைத்த துண்டுகள்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். இருமல் விட்டுவிட்டது, தொண்டையில் மட்டும் கொஞ்சம் கரகரப்பு. நீ நலமா? அம்மாவின் முழங்கால் தேவலையா? இன்னமும் ஃப்ரிட்ஜைத் திறந்து ஐஸ் கட்டியை எடுத்துக் கடக் கடக்கென்று கடிக்கிறாளா? பல் டாக்டர் வீட்டில் இருந்துகொண்டே இந்த அட்டூழியம் பண்ணுகிறவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

நீ சொன்னது சரி, நமக்குக் கடிதம்தான் லாயக்கு. போன் எடுத்தால் "ஸ்பீக்கர்ல போடுடி, ஸ்பீக்கர்ல போடு" என்று அம்மா நடுவில் புகுந்துவிடுகிறாள். அவள் பேசி முடிப்பதற்குள் எனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. ஆய்வகத்துக்குப் போனால் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். இனி கிளினிக் விலாசத்துக்கே எழுதுகிறேன், அம்மா பிரித்துப் படிக்க முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வருஷமாக நீ நோயாளிகளுக்குப் பல் அடைக்கிறாயே, எங்கள் கம்பெனியின் வெள்ளைப் பசை, அதன் தண்ணீர்ப் பரீட்சை முடிந்துவிட்டது. பசையைத் தீக்குச்சி அளவுக்கு வார்த்து, நீ செய்கிற மாதிரியே நீல விளக்குக் காட்டி இறுக வைத்து, உடம்புச் சூட்டில் இருக்கும் தண்ணீரில் போன வருஷம் ஊறப் போட்டேன். வாய்க்குள் எப்போதும் ஈரம்தானே, அதற்காக. ஊறியதை எடுத்து, இரண்டு முனையையும் தாங்கி வைத்து, நடுவில் மெஷினால் அழுத்த வேண்டும். "டக்" என்று உடைகிற இடத்தில் பலம் எவ்வளவு என்று நம்பர் வரும்.

வெள்ளிக்கிழமை மதியம் துண்டுகளை வெளியே எடுத்தேன். மெஷினில் பார்த்தால் பக்கத்துப் பிரிவுக்காரர்கள் உட்கார்ந்து பொய்ப் பற்களை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள், எழுந்திருக்கிற உத்தேசமே இல்லை. ஈரத்தோடு மேசையில் போட்டுவிட்டு வர எனக்கு மனசு வருமா? ஒவ்வொன்றாகத் துடைத்து, ஈரம் உறிஞ்சுகிற மணிகள் போட்ட கண்ணாடிப் பெட்டியில் வரிசையாக அடுக்கி மூடிவிட்டு வந்தேன். திங்கட்கிழமை போய் உடைத்தேன். அக்கா, புதிதாக வார்த்த துண்டுக்கும் ஒரு வருஷம் ஊறிய துண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை! மேலாளர் ரிப்போர்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தண்ணிக்கே தண்ணி காட்டிட்டியேம்மா" என்றார். என்னைப் பிரிவுத் தலைவியாக ஆக்கிவிட்டார்கள். உன் தங்கைக்குத் தனி அறை, தெரியுமா!

நீ கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பசையையே வை. நான் பொறுப்பு.

அம்மாவுக்கு என் முத்தம். ஐஸ் கடிக்கிற வாய் என்பதால் கன்னத்தில் மட்டும்.

உன் தங்கை


பிப்ரவரி 2

அன்புள்ள டவலுக்கு,

நாங்கள் நலம். உன் தொண்டைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் ஃப்ரிட்ஜ் வரைக்கும் நடக்க மட்டும் வலிப்பதில்லையாம்.

தலைவியாமே! கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. கிளினிக்கில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், வாயில் பஞ்சு வைத்திருந்த ஒரு நோயாளி உட்படப் பாராட்டினார்கள். நீ வரிசையாகத் துடைத்து அடுக்கினாய் என்று படித்ததும் சிரிப்பு வந்தது. கழுவி வைத்த தட்டை மறுபடி துடைத்தால்தான் சோறு உள்ளே இறங்கும் உனக்கு. குளிக்கிற சோப்பைக்கூடத் துடைத்து வைத்தவள் நீ. டவல் என்று பேர் வைத்தவளுக்கு என்ன கொடுத்தாலும் தகும். பேர் வைத்தவள் நான்தான்.

இங்கே வேலை தலைக்கு மேல் இருக்கிறது. எச்சில் உறிஞ்சுகிற குழாயைப் பிடிக்கும் பெண் வேறு வேலைக்குப் போய்விட்டாள். ஒரு கையில் குழாய், ஒரு கையில் கருவி என்று நானே அல்லாடுகிறேன். டிசம்பரில் சேர்ந்தாரே, உத்தரத்தில் தலை இடிக்கிற உயரத்தில் ஒரு டாக்டர், அவர் பரவாயில்லை. நெட்டை டாக்டர் என்று பேர் வைத்திருக்கிறேன். மனுஷன் கோபித்துக்கொள்ளவில்லை.

நம் தையற்காரருக்குப் போன வருஷம் முன்பல் ஓரத்தில் உன் பசையை வைத்தேன். அது பாதியாக உடைந்து வந்து நிற்கிறார். "நூலைப் பல்லால கடிக்கறீங்க, கத்திரிக்கோல் எதுக்கு இருக்கு?" என்று நன்றாகக் கொடுத்துவிட்டு, மறுபடி வைத்து அனுப்பினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். தனி அறையைத் தினமும் இரண்டு தடவைதான் துடைக்க வேண்டும், நாலு தடவை இல்லை.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், தொண்டையும் நலம். உங்கள் இருவருக்கும் சுகம்தானே?

தையற்காரர் விஷயம் படித்தேன். பசை வைக்கும் முன் பல்லை நன்றாகக் காய வைத்தாயா? குழாய் பிடிக்க ஆள் இல்லையென்றால் எச்சில் ஒரு துளி பட்டாலும் பிடிப்பு போய்விடும். உனக்குத் தெரியாததையா நான் சொல்கிறேன்! சும்மா கேட்டேன். நூல் கடிக்கிறவருக்கு இரும்பு வைத்தாலும் நிற்காது, விடு.

அடுத்த மாதக் கடைசியில் இன்னொரு கூட்டம் துண்டுகளுக்கு வருஷம் முடிகிறது. அதையும் உடைத்துவிட்டால் இந்தப் பசை கடல் தாண்டிப் போகும். கைகால் ஓட மாட்டேன் என்கிறது, சந்தோஷத்தில்தான். அம்மாவிடம் சொல், இந்தத் தடவை லீவுக்குக் கண்டிப்பாக வருகிறேன்.

உன் தங்கை


ஏப்ரல் 14

அன்புள்ள டவலுக்கு,

நலமா? இங்கே அம்மா நலம். நானும் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

தையற்காரரோடு முடியவில்லை. பாட்டு டீச்சர், பாங்க்கில் கவுன்டரில் உட்காருகிறவர், ஆட்டோக்காரர், அவருடைய மாமியார். ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். எல்லாம் போன வருஷம் நான் வைத்த ஃபில்லிங். ஓரம் பொடிந்து, நடுவில் கீறல் விட்டு, சிலது பாதியாகவே பெயர்ந்து. பாட்டு டீச்சர் நூல் கடிப்பதில்லை. அவர் எதையுமே கடிப்பதில்லை, பாதி நாள் கஞ்சிதான் குடிக்கிறார்.

நெட்டை டாக்டர் வைத்ததில் ஒன்றுகூட உடையவில்லை. அதே பசை, அதே விளக்கு, அதே நாற்காலி. மாறுவது கை மட்டும்தான். அவர் பாவம், நல்ல மனுஷன். உடைந்து வருகிறவர்களை என்னிடம் அனுப்பாமல் தானே சத்தம் போடாமல் பார்த்துவிடுகிறார். அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, டவல். வைக்கும்போது ஒரு தடவை பார்க்கிறேன், நோயாளி போகும்போது கதவு வரை கூடவே போய் வாயைத் திறக்கச் சொல்லி இன்னொரு தடவை பார்க்கிறேன். விளக்கை மாற்றினேன். கையுறையை மாற்றினேன். பதினெட்டு வருஷமாகச் செய்கிற வேலை, இப்போது ஒவ்வொரு பல்லும் பரீட்சையாக இருக்கிறது.

உடைந்த துண்டுகளைச் சின்ன டப்பாவில் போட்டு அனுப்பியிருக்கிறேன். உன் மெஷினில் வைத்துப் பார்த்து, நான் எங்கே கோட்டை விட்டேன் என்று சொல். உன்னைவிட்டால் எனக்கு யாரிடம் கேட்க வாய் வரும்?

சீக்கிரம் எழுது. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே வேலை நெருக்கடி. துண்டுகள் கிடைத்தன. மெஷினில் வைக்க முடியாத அளவுக்குச் சிறியவை. வேறு வழியில் பார்க்க முடியுமா என்று யோசிக்கிறேன்.

பல்லை நன்றாகக் காய வைத்தாயா? எச்சில்தான் காரணமாக இருக்கலாம். குழாய் பிடிக்க யாரையாவது உடனே வேலைக்கு எடு. வேண்டுமானால் ஒரு தடவை கண் டாக்டரிடம் காட்டிவிடு.

அம்மாவை ஐஸ் கடிக்க விடாதே. தயவு செய்து. அவளுக்குப் போன வருஷம் கடைவாயில் வைத்ததும் இந்தப் பசைதானே?

உன் தங்கை


ஜூன் 15

அன்புள்ள டவலுக்கு,

உன் உடம்புக்கு என்ன? உண்மையைச் சொல். ஒன்றரை மாதம் கழித்து ஒரு கடிதம், அதில் ஒரு ஜோக் இல்லை, ஒரு வம்பு இல்லை. "நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்" என்று எழுதுகிறாய், மின்சார வாரியத்திலிருந்து வந்த கடிதம் மாதிரி இருக்கிறது. மேலாளர் ஏதாவது திட்டினாரா? சரியாகச் சாப்பிடுகிறாயா? மென்று விழுங்காமல் எழுது.

நீ சொன்னபடி கண் டாக்டரிடம் போனேன். கண் நன்றாக இருக்கிறதாம். பிறகு நானாகவே நரம்பு டாக்டரிடமும் போனேன். இரண்டு கையையும் நீட்டச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், காகிதத்தில் வட்டம் போடச் சொன்னார். "ஒண்ணுமில்லையே, ஏன் வந்தீங்க?" என்றார். ஆனால் அங்கிருந்து வந்த பிறகுதான் கை நிஜமாகவே நடுங்குகிறது. கருவியை எடுத்தால் நடுங்குகிறது, கரண்டியை எடுத்தால் இல்லை. இதற்கு என்ன வைத்தியம்?

ஒரே ஒரு தடவை மனசில் தோன்றியது, பசையிலேயே ஏதாவது கோளாறு இருக்குமோ என்று. உடனே என்னையே திட்டிக்கொண்டேன். என் கூடப் பிறந்தவள் அதை ஒரு வருஷம் தண்ணீரில் ஊறப் போட்டு உடைத்துப் பார்த்திருக்கிறாள். கோளாறு இருந்தால் என்னிடம்தான் முதலில் ஓடி வந்து சொல்லியிருப்பாள். ஆகவே கைதான்.

அம்மா நலம். நீ கேட்டாய் என்று சொன்னதும் ஆச்சரியமாக ஐஸ் கடிப்பதை விட்டுவிட்டாள். வீடே அமைதியாக இருக்கிறது, அதுவும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

உடனே பதில் போடு.

அக்கா


ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம்தான், கவலைப்படாதே.

சோதனை நடந்துகொண்டிருக்கிறது. முடிவு தெரிந்ததும் விவரமாக எழுதுகிறேன். அதற்குள் எந்த அவசர முடிவும் எடுக்காதே. பல்லைக் காய வைக்கக் காற்று ஊதுகிறாயே, அந்தக் குழாயில் ஈரம் கலந்து வருகிறதா என்று ஒரு தடவை பார்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

தங்கை


ஆகஸ்ட் 5

என் சின்ன மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம். நீ நலமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். உன் அக்கா கிளினிக் போயிருக்கிறாள், வருவதற்குள் எழுதி எதிர் வீட்டுக்காரியிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்ல வேண்டும்.

நீங்கள் இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் கடிதம் எழுதிக்கொள்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், நான் கேட்கவில்லை. ஆனால் உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கியதை நான் இப்போது உன்னிடம் சொல்லப் போகிறேன். பெற்றவளிடம் சத்தியம் வாங்கினால் இப்படித்தான்.

கிளினிக்கை அந்த உயரமான பையனிடம் கொடுக்கிறாளாம். வருகிற ஒன்றாம் தேதி சாவி கை மாறுகிறது. "எனக்கு அலுத்துப்போச்சும்மா" என்கிறாள். அலுத்தவள் முகம் எனக்குத் தெரியாதா? தினமும் காலையில் சமையலறையில் நின்று ஒரு கண்ணாடி டம்ளரில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு பார்க்கிறாள். தண்ணீர் ஆடுகிறதா என்று பார்க்கிறாள். ஆடவில்லை என்றால் நம்பாமல் மறுபடி பிடிக்கிறாள். ஆடுகிற வரைக்கும் பிடிக்கிறாள். ஆடினதும் "பாத்தியா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தண்ணீரைக் கொட்டிவிடுகிறாள்.

இன்னொன்று. என் கடைவாய்ப் பல்லில் அவள் வைத்தது ஜூன் மாதமே உடைந்துவிட்டது. ஐஸ் கடித்தபோது இல்லை, சும்மா இட்ட சோற்றை மென்றபோது. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் தன் கை மேல் எழுதிக்கொள்வாள். ஒரு பக்கமாகவே மென்று காலம் தள்ளுகிறேன். ஐஸை விட்டது உன் பேச்சைக் கேட்டு என்று நினைத்துப் பெருமைப்படாதே.

நீ பசை செய்கிற இடத்தில் இருக்கிறாய். பெரிய படிப்புப் படித்திருக்கிறாய். உன் அக்காவின் கையில் குறை இருந்தால் இருக்கிறது என்று சொல், இல்லையென்றால் இல்லை என்று சொல். இரண்டும் இல்லாமல் ஏண்டி இப்படி வாயை மூடிக்கொண்டு இருக்கிறாய்?

உடைந்த துண்டைக் காகிதத்தில் மடித்து உள்ளே வைத்திருக்கிறேன். கழுவித்தான் வைத்தேன்.

ஆசிகளுடன்,
அம்மா


ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இன்று யோக்கியதை இல்லை. கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்கே கிடைக்கும். போனில் சொல்லலாம் என்று எடுத்தேன், வைத்துவிட்டேன். போனில் சொன்னால் அழுவேன், நீ உடனே எனக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய். அது வேண்டாம்.

உன் கையில் ஒன்றுமில்லை. முதலில் இந்த வரியைப் படித்துவிட்டு எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வா. பசைதான் உடைகிறது.

ஏப்ரல் தொடக்கத்தில் இரண்டாவது கூட்டம் துண்டுகளை எடுத்தேன். அன்று புதன்கிழமை. மெஷின் சும்மா கிடந்தது. ஊறிய தண்ணீரோடு எடுத்து வைத்து அப்படியே உடைத்தேன். பலம் பாதிக்குப் பாதி போயிருந்தது. மெஷின்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து ஆளைக் கூப்பிட்டுச் சரிபார்த்தேன். மெஷின் நன்றாகத்தான் இருந்தது. மறுபடி உடைத்தேன், அதே கதை. ஜனவரியில் வந்த நம்பரும் இதுவும் எப்படி ஒரே பசையின் நம்பராக இருக்க முடியும் என்று அறைக்குள் நடையாய் நடந்தேன். அப்போதுதான் அந்தக் கண்ணாடிப் பெட்டி கண்ணில் பட்டது.

உனக்குத் தெரியும், எந்தப் பசையும் தண்ணீரில் ஊறினால் கொஞ்சம் தளரும். உள்ளே இருப்பது கண்ணாடித் தூளும் அதைப் பிடித்து வைத்திருக்கும் பிசினும். தண்ணீர் புகுந்தால் பிடி நெகிழும். இந்தப் பசையில் அளவுக்கு மீறி நெகிழ்கிறது. ஆனால் நன்றாகக் காய வைத்தால் போன பலத்தில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடுகிறது, ஒன்றுமே நடக்காத மாதிரி. வெள்ளிக்கிழமை நான் துடைத்து, ஈரம் உறிஞ்சும் மணிகளோடு மூடி வைத்த துண்டுகள் திங்கட்கிழமைக்குள் காய்ந்துவிட்டன. நான் உடைத்தது காய்ந்த துண்டை. வாய்க்குள் எந்தப் பல்லாவது சனி ஞாயிறு லீவு எடுத்துக்கொண்டு காயுமா, அக்கா?

ஈரத்தோடுதான் உடைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பிறருக்குச் சொல்லிக் கொடுப்பவளே நான்தான். அன்று கை தானாகத் துடைத்தது. நம்பர் மோசமாக வந்திருந்தால் பத்துத் தடவை கேள்வி கேட்டிருப்பேன். நன்றாக வந்ததால் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

நெட்டை டாக்டர் வைத்ததில் ஒன்றுகூட உடையவில்லை என்று எழுதினாயே, அவர் உன்னிடம் சேர்ந்தது டிசம்பரில். அவர் வைத்ததெல்லாம் இன்னும் போதுமான அளவு ஊறவில்லை. அவ்வளவுதான். உன் கடிதத்தைப் படித்த நிமிஷமே இது எனக்குப் புரிந்தது. புரிந்தும் பேசாமல் இருந்தேன்.

மேலாளரிடம் சொன்னபோது, "அவசரப்படாதம்மா, மூணாவது தடவை பாத்துட்டு முடிவு பண்ணலாம். அதுவரைக்கும் வெளிய மூச்சு விடாதே" என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது. ஒவ்வொரு நாளும் நாளைக்கு எழுதலாம் என்று நினைத்தேன். உன் டப்பாவை மேசை டிராயரில் வைத்திருந்தேன், டிராயரைத் திறக்கவே பயந்து பேனாவை வெளியில் வைத்துக்கொண்டேன். அங்கே நீ டாக்டர் டாக்டராக அலைந்தாய், இங்கே நான் உன்னிடம் எச்சில் பட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவின் பல் துண்டு நேற்று வந்தது. அவளுடையது உடைந்து இரண்டு மாதம் ஆகிறது, உனக்குத் தெரியாது. உன்னிடம் மறைத்துவிட்டு ஒரு பக்கமாக மென்றுகொண்டிருக்கிறாள்.

இன்று காலை மேலாளரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டேன், ஜனவரி முடிவு செல்லாது, பசையை இனி யாருக்கும் விற்கக் கூடாது, வாங்கிய டாக்டர்களுக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று. "வாயோட விட்டிருந்தா பேசித் தீத்திருக்கலாமே, எழுதியே குடுத்துட்டியே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். எழுதிக் கொடுத்த பிறகு அவர்களுக்கும் வேறு வழியில்லை, விற்பனை நின்றுவிட்டது. என் வேலையும் போய்விட்டது.

சாவியைக் கொடுக்காதே, அக்கா. என்னைத் திட்டு, பேசாமல் இரு, என்ன வேண்டுமானாலும் செய். சாவியை மட்டும் கொடுக்காதே.

உன் தங்கை


செப்டம்பர் 8

டவலுக்கு,

அன்புள்ள என்பதைக் கோபம் தீர்ந்ததும் போட்டுக்கொள்கிறேன். நான் நலம். அம்மா நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன், எழுதும்போது கை கேட்டுவிட்டது.

இதற்கு முன் நாலு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். நீ தப்பாக உடைத்தாய், சரி. யாருக்கும் நடக்கும். நானே இடது பல்லுக்குப் பதில் வலது பல்லைத் துளைக்கப் போய்க் கடைசி நிமிஷத்தில் நிறுத்தியிருக்கிறேன். அதற்குக் கோபமில்லை. பல்லைக் காய வைத்தாயா, காய வைத்தாயா என்று மூன்று கடிதத்தில் என்னைக் கேட்டாய். காய வைத்தது நீ. முதல் தடவை தெரியாமல் கேட்டாய். மற்ற இரண்டு தடவை தெரிந்தே கேட்டாய். நரம்பு டாக்டர் முன்னால் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்தப் பத்து நிமிஷத்துக்கு நீ என்ன பதில் சொன்னாலும் எனக்குப் போதாது.

ஒன்றாம் தேதி சாவியைக் கொடுக்கவில்லை. உன் கடிதத்தை நெட்டை டாக்டரிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு ஒரு நிமிஷம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் வச்சதும் உடையுமா?" என்றார். "ஆமா, ஆனா உங்களுக்கு இப்பவே தெரிஞ்சுபோச்சு, குடுத்து வச்சவர்" என்றேன். மனுஷனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

போன வாரம் முதல் ஆளாகத் தையற்காரரைக் கூப்பிட்டேன். "மறுபடியும் என் நூல் மேல பழி போடப் போறீங்களா டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டே நாற்காலியில் ஏறினார். "இல்லீங்க, உங்க மேலயும் தப்பில்ல, என் மேலயும் தப்பில்ல" என்றேன். துளைக்கும் கருவியைக் கையில் எடுத்தேன். நடுங்கவில்லை. பழையதை எல்லாம் சுரண்டி எடுத்து, வேறு பசை வைத்து, ஓரத்தை இழைத்து முடிக்கும் வரை ஒரு துளி நடுங்கவில்லை. அவரை அனுப்பிவிட்டுப் பின்னறையில் போய் உட்கார்ந்து அழுதேன். கை முழுக்க முழுக்க நன்றாகத்தான் இருந்திருக்கிறது. நான்தான் அதைச் சந்தேகப்பட்டுத் தினமும் டம்ளரைக் கொடுத்துச் சித்திரவதை பண்ணியிருக்கிறேன். அதை நினைத்தால்தான் உன்னை இன்னும் மன்னிக்க முடியவில்லை.

நான் வைத்ததை எல்லாம், அவர் வைத்ததையும் சேர்த்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தோண்டி எடுத்துப் புதிதாக வைக்க வேண்டும். இரண்டு வருஷமாவது ஆகும். அதுவரை நாற்காலியை விட்டு என்னை யாரும் எழுப்ப முடியாது. ஆனால் எச்சில் குழாய் பிடிக்க இன்னும் ஆள் கிடைக்கவில்லை. வந்து நிற்கிறவர்கள் எல்லாம் குழாயைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறார்கள். பல் நனைந்துபோகிறது. எனக்குத் தெரிந்து ஒரு சொட்டு ஈரம் கண்ணில் பட்டாலும் தாங்காத ஆள் ஒருத்திதான், அவளுக்கும் இப்போது வேலை இல்லை.

வா. மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு வராதே. கோபத்தோடுதான் கூப்பிடுகிறேன். இது கடிதத்தில் தீருகிற கோபம் இல்லை, தினமும் பக்கத்தில் நின்று நீ திட்டு வாங்க வேண்டிய கோபம்.

அம்மாவின் பல்லை இன்னும் தொடவில்லை. நேற்று நாற்காலியில் உட்கார வைத்தேன், விளக்கைப் போட்டேன், வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். "சின்னவ வந்து குழாயைப் பிடிக்கட்டும், அப்ப தொறக்கறேன்" என்கிறாள். அதுவரை ஒரு பக்கமாகவே மெல்லுவாளாம்.

சீக்கிரம் வா.

அக்கா